நாய்க்குட்டியைத் தோட்டத்தில் அவிழ்த்துவிடும் முன்

8 வாரக் குட்டி வீட்டுக்கு வந்ததும் பலர் செய்வது, கதவைத் திறந்து அதைத் தோட்டத்தில் விட்டுவிட்டு உள்ளே போய் வேலையைப் பார்ப்பதுதான். ஓடியாடிக் களைத்துத் தூங்கட்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் குட்டி நிறையக் கற்றுக்கொள்கிறது. ஈர மண்ணைப் பறித்தால் வயிற்றுக்குக் குளிர்ச்சி. நாற்றைப் பிடுங்கினால் கடிக்க ஏதோ ஒன்று கிடைக்கிறது. வேலியோரம் நின்று குரைத்தால், வழியோடு போகிறவர் கடந்து போய்விடுகிறார். தான் விரட்டியதால்தான் போனார் என்று குட்டி எடுத்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் கைமேல் பலன். இதே பழக்கத்தை ஆறு மாதம் கழித்து மாற்றப் பார்ப்பது பெரும்பாடு.

அதனால் கீழ்ப்படிதல் தனி, தோட்ட ஒழுக்கம் தனி என்று நான் பிரிப்பதில்லை. முதல் சில மாதங்கள் குட்டி தோட்டத்தில் இருக்கும்போதெல்லாம் நீங்களும் அங்கே இருக்க வேண்டும், கயிறும் இருக்க வேண்டும். 5 மீட்டர் நீளமுள்ள, எடை குறைந்த கயிறு போதும். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். ஓட்டத்தில் கயிறு சட்டென்று இழுபட்டால் கழுத்து அடிபடும். மார்பைச் சுற்றிய ஹார்னஸில் மாட்டி, தரையில் இழுபட விடுங்கள். நிறுத்த வேண்டுமானால் கயிற்றின் மேல் கால் வைத்தால் போதும். சுண்டி இழுக்கத் தேவையில்லை.

பயிற்சிக்குத் தரும் தீனி பட்டாணியில் பாதி அளவு இருக்கட்டும். மென்று தின்னும்படி இருந்தால் கவனம் சிதறும். மென்மையாக, விழுங்கிவிடக்கூடியதாக இருப்பது நல்லது. நாள் முழுதும் சேர்த்து இது மொத்த உணவின் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தோன்றினால் அன்றைய உணவிலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துப் பயன்படுத்துங்கள். ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. பசி லேசாக எடுக்கும் நேரம், அதாவது சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, மிகப் பொருத்தம்.

நேரக் கணக்குதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சரியாகச் செய்த ஓரிரு நொடிக்குள் பரிசு போய்ச் சேர வேண்டும். தீனியைப் பையிலிருந்து எடுப்பதற்குள் குட்டி எழுந்து நின்றிருந்தால், எழுந்ததற்குத்தான் பரிசு தருகிறீர்கள். இதைச் சமாளிக்க ஒரு குறிச்சொல், அதாவது சரியாகச் செய்த நொடியைக் குட்டிக்குக் காட்டும் சொல், வைத்துக்கொள்ளுங்கள். ‘சபாஷ்’ நல்ல சொல்; சாதாரணப் பேச்சில் அடிக்கடி வராது. முதல் நாள் வேறெதுவும் கேட்காமல், ‘சபாஷ்’ என்று சொல்லி உடனே தீனி கொடுங்கள். 15 தடவை செய்தால், சொல்லைக் கேட்டதும் குட்டி உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கும்.

‘உட்கார்’ எளிது. தீனியை மூக்குக்கு ஒட்டினாற்போல் பிடித்து, தலைக்கு மேலாகப் பின்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். மூக்கு மேலே போகும்போது பின்பகுதி தானாகத் தாழும். தரையைத் தொட்டதும் ‘சபாஷ்’. குட்டி எம்பிக் குதித்தால் கை உயரமாகப் போகிறது என்று பொருள். பின்னால் நடந்தால் சுவர் மூலையை முதுகுக்குப் பின்னால் வைத்துச் செய்யுங்கள். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு வெறுங்கையால் அதே சைகை, பரிசு மற்றொரு கையிலிருந்து. வாய்ச்சொல் கடைசியில்தான் வர வேண்டும். வீட்டில் ஒருவர் ‘உட்கார்’ என்றும் ஒருவர் ‘உக்காரு கண்ணா’ என்றும் இன்னொருவர் ‘சிட்’ என்றும் சொன்னால் குட்டி குழம்பிப்போகும். எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். சொல்வதும் ஒரே ஒரு முறை.

‘வா’ என்பதற்குத்தான் அதிக உழைப்பைக் கொடுக்கச் சொல்வேன். உயிரைக் காக்கும் சொல் அதுதான். முதலில் வீட்டுக்குள் 2 மீட்டர் தூரத்தில், பிறகு அடுத்த அறையிலிருந்து, பிறகுதான் தோட்டத்தில், அதுவும் அரவமில்லாத நேரத்தில். வந்ததும் முதலில் கழுத்துப்பட்டையைத் தொடுங்கள், அப்புறம் தீனி. இந்த வரிசை பழகாத நாய், பிற்காலத்தில் தீனியைக் கவ்விக்கொண்டு கைக்கு எட்டாமல் நழுவும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை, பரிசு கொடுத்து மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். குளிப்பாட்டவும் கூண்டில் அடைக்கவும் மட்டுமே கூப்பிட்டால், ‘வா’ என்றாலே ஆட்டம் முடிந்தது என்று குட்டி தெரிந்துகொள்ளும். எத்தனை தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள். வந்ததற்கே திட்டு என்றுதான் அது புரிந்துகொள்ளும். வரவில்லையா, துரத்த வேண்டாம். எதிர்ப்பக்கம் நாலடி ஓடிக் குத்துக்காலிட்டு உட்காருங்கள், பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும். வராது என்று நிச்சயமாகத் தெரிந்தால் கூப்பிடவே வேண்டாம், போய்க் கயிற்றைப் பிடியுங்கள்.

‘விடு’ சொல்லிக்கொடுக்க, தீனியை மூடிய கைக்குள் வைத்து நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும். அசையாமல் இருங்கள். மூக்கை விலக்கிய கணத்தில் ‘சபாஷ்’ சொல்லி, மற்றொரு கையிலிருந்து கொடுங்கள். கல்லோ பிளாஸ்டிக்கோ ஏற்கெனவே வாய்க்குள் போயிருந்தால் வாயைப் பிளக்க முயலாமல், அதைவிட நல்ல ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிடுங்கப்படும் என்று பயந்த குட்டி அவசரமாக விழுங்கிவிடும்.

பாத்தி மிதிக்காமல் பழக்குவது இவற்றின் மேல்தான் நிற்கிறது. பாத்தி ஓரத்தில் செங்கல் வரிசையோ குட்டைத் தடுப்போ இருந்தால் எல்லை குட்டியின் கண்ணுக்குத் தெரியும். கயிற்றோடு பாதையில் நடந்துபோங்கள். கால் பாத்தியில் பட்டால் அதட்டல் வேண்டாம், நின்றுவிடுங்கள், ‘வா’ என்று கூப்பிடுங்கள். நான்கு பாதமும் பாதைக்கு வந்ததும் பரிசைப் பாதையின் தரையில் வையுங்கள், கையில் கொடுக்காதீர்கள். நல்லது கிடைக்கும் இடம் பாதை என்று மனதில் பதிய வேண்டும். புதிதாகக் கொத்திய மண்ணும் எலும்புத்தூள், மீன் உரம் போட்ட மண்ணும் குட்டியைச் சுண்டி இழுக்கும். அந்தப் பாத்திகளுக்கு முதல் வருடம் கம்பிவலைத் தடுப்பு போட்டுவிடுவதே நியாயம்.

தோண்டுவதை முழுக்கத் தடுக்க நினைப்பது வீண். தோண்டுவதற்கென்று ஓர் இடம் கொடுங்கள். நிழலான மூலையில் ஒரு மீட்டர் சதுரம், 30 செ.மீ. ஆழம், மணல் கலந்த மண். பொம்மைகளை முதலில் பாதி வெளியே தெரியும்படி புதைத்து, போகப் போக ஆழப்படுத்துங்கள். வேறிடத்தில் தோண்டினால் கூப்பிட்டு இங்கே அழைத்து வாருங்கள். எப்போதோ தோண்டிய குழியைக் காட்டித் திட்டுவதில் பயனில்லை. குட்டி காதை மடக்கி ஒடுங்குவது உங்கள் குரலுக்குப் பயந்துதான், செய்த தப்பு புரிந்து அல்ல.

சிறுநீர் கழிக்கத் தனியாக ஒரு மூலை, எப்போதும் அதே மூலை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்த சில நிமிடங்களிலும், விளையாடிய பின்னும் அங்கே கூட்டிப்போய்ப் பேசாமல் நில்லுங்கள். பகலில் குட்டி அடக்கக்கூடிய நேரம் தோராயமாக வயது மாதங்களோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணிக்கணக்கு, அதுவும் மேல் வரம்புதான். புல் கருகுவது சிறுநீரில் செறிந்திருக்கும் நைட்ரஜனால். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துவிடும். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் நெடுநாள் தாங்கும், ஆகவே காய்கறிப் பாத்திக்கான உரக்குழியில் அதைப் போடக் கூடாது.

செடிகளையும் ஒரு கண் பாருங்கள். அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, செங்காந்தள் கிழங்கு, பனைபோல் தெரியும் அழகுச்செடியான சைகஸ் எல்லாம் நாய்க்கு நஞ்சு. பல் முளைக்கும் வயதில், மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை, குட்டி எதையும் கடிக்கும். நத்தைக்கு வைக்கும் மெட்டல்டிஹைடு மருந்து, கோகோ ஓட்டு மூடாக்கு (சாக்லேட் செய்யும் கோகோ விதையின் தோலை மண் மேல் பரப்புவது) இரண்டும் தோட்டத்துக்குள்ளேயே வேண்டாம். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மாலையில் குட்டி கணுக்காலைக் கடித்துக்கொண்டு வெறிபிடித்ததுபோல் ஓடினால் அது பெரும்பாலும் தூக்கக் குறைவு. நாளில் 18 மணி நேரம் தூங்க வேண்டிய வயது. அப்போது பயிற்சி எடுபடாது, படுக்க வையுங்கள்.

கயிறு இழுபடும் நிலையில் பத்துக்கு ஒன்பது முறை ‘வா’வுக்கு வருகிறது என்றால், கயிற்றை 5 மீட்டரிலிருந்து 2 மீட்டராகவும், பிறகு ஒரு சாணாகவும் வெட்டிக் குறையுங்கள். ஆறேழு மாதத்தில் வளரிளம் பருவம் தொடங்கி, கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடந்துகொள்ளும். தண்டிக்க வேண்டாம். மறுபடி 5 மீட்டரில் வேறொரு கயிற்றை மாட்டி, வீட்டுக்குள் 2 மீட்டர் தூரத்திலிருந்து ‘வா’வைத் திரும்பத் தொடங்குங்கள்.