பறக்க இன்னும் சில நாள்

மே 6, 2023

29-ஆம் தேதி எனக்கு 65 முடிகிறது. அதற்கு மேல் பயணிகள் விமானம் ஓட்ட விதி இடம் தராது. பரணிலிருந்து லாக் புக்குகளையும் வரைபடக் கோப்புகளையும் இறக்கினேன். முன்பெல்லாம் இரண்டு வாரத்துக்கொரு முறை உறையில் திருத்தப் பக்கங்கள் வரும். பழையதை உருவிப் புதியதைக் கோக்க வேண்டும். ஒருமுறை கோயம்புத்தூர்ப் பக்கத்தைக் கொச்சிக்குள் செருகிவிட்டு, வானத்தில் உட்கார்ந்து தேடியவன் நான். இப்போது எல்லாம் ஒரு டேப்லெட்டில். “பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா?” என்றாள் மனைவி. வரைபடங்களைக் கொடுத்துவிட்டேன், லாக் புக்குகளைக் கொடுக்க மனமில்லை.

மே 11

முதல் லாக் புக், 1983. ஆவ்ரோ விமானம். அதன் டார்ட் இன்ஜினின் கீச்சொலியை இன்று கேட்டாலும் தூக்கத்தில் எழுந்துவிடுவேன். கத்திரி வெயிலில் காற்று லேசாகி இன்ஜின் சோர்ந்துபோகும். மேலெழும்பும்போது தண்ணீரும் மெத்தனாலும் கலந்து உள்ளே பாய்ச்சுவோம். விசைமானியின் முள் துள்ளும், முதுகு இருக்கையில் அழுந்தும். அதற்குப் பிறகுதான் மூச்சு விடுவேன்.

மே 19

இந்தியாவுக்கு ஏர்பஸ் ஏ-320 விமானம் வந்தது 1989-இல். நம் ஓடுபாதைகளைக் கருதி அன்றைய விமானங்களுக்குப் பக்கத்துக்கு நான்கு சக்கரம். மற்ற நாடுகளில் இரண்டுதான். சக்கரம் எனக்குப் பிரச்சினையாக இல்லை, கைதான். போயிங் 737-200-இல் வேகம் குறைந்தால் இன்ஜின் விசையைக் கூட்டும் நெம்புகோலான த்ராட்டிலை நானே தள்ளுவேன். இதிலோ, தானியங்கி ஓட்டும்போது இன்ஜின் உறுமினாலும் அடங்கினாலும் நெம்புகோல் இருந்த இடத்திலேயே கிடக்கும். பக்கத்து விமானி விமானத்தைத் திருப்பும் தன் குச்சியை இழுத்தால் என் குச்சி அசையாது. “கையை நம்பாதே, திரையைப் பார்” என்று பயிற்சியாளர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பழக ஓராண்டு ஆனது. முழுதாகப் பழகினேன் என்று சொல்லமாட்டேன்.

மே 28

தில்லியிலிருந்து சென்னை. துணை விமானி, என் மகளைவிட இளையவர். இறங்கத் தொடங்கியதும் மேகத்துக்குள் குலுங்கியது. “சார், நெம்புகோலை ஏன் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்? அது நகராதே” என்று கேட்டார். 1983-ஐ எங்கிருந்து விளக்குவது? சிரித்து வைத்தேன்.

மேகத்தைக் கடந்ததும் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையாலேயே இறக்கினேன். இருபது அடியில் “ரிடார்ட்”, அதாவது விசையைக் குறை என்று இயந்திரக் குரல் சொல்வதற்குள் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். கொஞ்சம் முன்கூட்டித்தான் இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. சக்கரங்கள் தடாலென்று உட்கார்ந்தன.

“நல்ல லேண்டிங், சார்” என்றார். கெட்டிக்காரப் பெண்.