பெங்களூரா சீசனும் மீதி மாதங்களும்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தயாரிக்கும் மாங்கா கம்பெனி வேலை வருடம் முழுக்க இருக்காது. மே பாதிக்கு மேல் சூடு பிடிக்கும். ஜூன், ஜூலையில் ராப்பகலாக ஓடும். பெங்களூரா ரக மாம்பழ வரத்து குறைந்ததும் உற்பத்தி லைன் நின்றுவிடும். ஆய்வகத்தில் என்னைப் போல் சீசனுக்கு மட்டும் எடுக்கப்பட்டவர்கள் கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். நிறைய பேருக்கு இது பெரிய குறை. எனக்கு இந்த வேலை பிடித்ததற்கே இது ஒரு காரணம். சில மாதம் ஒரே இடத்தில் கட்டுண்டு உழைப்பது, மற்ற மாதங்களில் ஊர் பார்ப்பது என்ற இரண்டையும் நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கென்று செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

அதற்கு முந்தைய காலம் பிள்ளைகளுடையது. மகளையும் மகனையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தோம். மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பது தாமதமாகத்தான் வந்தது. பள்ளி வகுப்பு என்றால் அவளுக்காக நிற்காது, வீட்டில் நிற்க முடிந்தது. அவளுக்கு ஒத்துவந்ததைப் பார்த்து மகனையும் அப்படியே வளர்த்தோம். 'இது சட்டப்படி செல்லுமா?' என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் வீட்டுக் கல்விக்கென்று அதில் தனிப் பிரிவு கிடையாது. எங்களுக்குக் கைகொடுத்தது தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ். 1989இல் ஆரம்பித்த அமைப்பு அது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக முடித்துக்கொள்ளலாம். மகள் அப்படித்தான் முடித்தாள். அவள் இப்போது கோவையில் படிக்கிறாள். மகனும் பன்னிரண்டாவது முடித்துச் சென்னைக்குப் போய்விட்டான்.

வீடு வெறிச்சோடிப் போயிருக்குமே என்று பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பிள்ளைகளைப் பிரிந்த வருத்தம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. எதைப் பார்த்தாலும் பாடமாக்கும் பழக்கம் என்னை விடவில்லை. கே.ஆர்.பி. அணையில் மதகு திறந்திருந்தால் மனம் கன அடிக் கணக்குக்குப் போகும். ராயக்கோட்டைத் தக்காளி மண்டியைத் தாண்டினால் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று விளக்கம் தானாக உருவாகும். திரும்பிப் பார்த்தால் கேட்பதற்குப் பக்கத்து சீட்டில் யாருமில்லை. சரி, நான் பார்த்ததில் எனக்கு என்ன பிடித்தது என்று யோசிப்பேன். ஒன்றும் தோன்றாது. அத்தனை வருடமாக என் கண் அவர்களுக்காகவே பார்த்திருக்கிறது.

வேலை தேடிப் போன இடங்களில் பி.எஸ்சி. வேதியியல் என்பதைப் படித்துவிட்டு, அதன் கீழே இருக்கும் வருடங்களில் விரல் நிற்கும். "இவ்ளோ வருஷம் கேப் இருக்கே மேடம்?" வீட்டுக் கல்வி என்று சொன்னால், "ஓ, வீட்லதான் இருந்தீங்க" என்பார்கள். காலையில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் பாடம் தயார் செய்து, இரவு அவர்கள் தூங்கிய பிறகு மறுநாளுக்கு நான் படித்து, வருடத்துக்கு வருடம் நானும் ஒரு வகுப்பு ஏறிய உழைப்பை எழுத அந்த விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் மாங்கூழ் ஆலையில் மட்டும் ஆய்வகப் பொறுப்பாளர், என்னைவிட வயதில் சிறியவர், வேறு மாதிரிக் கேட்டார்.

"டைட்ரேஷன் ஞாபகம் இருக்குங்களா?"

"பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் சார்."

"அப்ப செஞ்சு காட்டுங்க."

திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து இறக்கும் கண்ணாடிக் குழாயான ப்யூரெட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வேலை அப்படித்தான் கிடைத்தது.

ஆய்வகம் சின்ன அறை. லைனிலிருந்து நேரப்படி சாம்பிள் வரும். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் ஒரு துளி கூழ் வைத்து பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, பார்க்க வேண்டும். பெங்களூராவுக்கு 14க்குக் குறையக் கூடாது. அல்போன்சா ரகம் என்றால் அதைவிட இனிப்புக் கூடும். அடுத்தது புளிப்பு. கூழை நீர்த்து, நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். மாம்பழ மஞ்சளில் அந்த இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் நொடியைப் பிடிப்பதற்குக் கண் பழக வேண்டும். பிறகு பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண். அது 4.6க்குக் கீழே இருந்தால் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியால் கூழில் வளர முடியாது. மாங்கூழ் இயல்பிலேயே அதற்குக் கீழேதான் இருக்கும். அதனால்தான் கூழைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடாக்கி, குளிர்வித்து, கிருமி நீக்கிய பையில் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், பதப்பொருள் எதுவும் சேர்க்காமலேயே மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. பையைத் தாங்கும் இரும்பு டிரம் ஒவ்வொன்றிலும் 215 கிலோ. அவற்றில் எத்தனையோ கடல் தாண்டி சவுதி அரேபியா வரை போகின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது கரும்புள்ளி எண்ணுவது. கூழை வெள்ளைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, வெளிச்சத்துக்குக் கீழே வைத்து, தோலிலிருந்தும் காம்பிலிருந்தும் வந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவருக்கு இந்தப் பொறுமை புதிதில்லை. ஆனால் இங்கே நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நான் பார்க்கிறேன், நான் எண்ணுகிறேன், பதிவேட்டில் என் கையெழுத்து. முதல் சீசன் முழுக்க அந்தக் கையெழுத்தைப் போடும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிமிர்வு வரும்.

காலை ஷிப்ட்டுக்கு டவுன் பஸ். இரவு ஷிப்ட் என்றால் கம்பெனி வேன் வரும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அதன் அருமை லைனில் நிற்கும் பெண்களிடம் கேட்டால் தெரியும். பஸ் காசு மிச்சமாவது ஒரு பக்கம். வெளியே கிளம்புவதற்கு வீட்டில் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதைத்தான் அவர்கள் அதிகம் பேசுவார்கள். பஸ்ஸில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும். எங்கள் மாவட்டத்துப் பேச்சே அப்படித்தான்.

அந்த பஸ்ஸில்தான், தரம் பிரிக்கும் லைனில் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் கேட்டார்.

"ஏங்க்கா, நீங்க பிள்ளைங்கள ஸ்கூலுக்கே அனுப்பலையாமே?"

"ஆமாம்மா. வீட்லயே படிக்க வெச்சோம்."

"எம்பொண்ணும் வீட்லதாங்க்கா கெடக்கறா."

பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் போய்விட்டன. பதினாறு வயது. வரன் வேறு பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஒரு வரி என்னை நிறைய நாள் தூங்கவிடவில்லை. என் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள், அவர் மகளும் வீட்டில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் அது யோசித்து, விவாதித்து, புத்தகம் வாங்கி அடுக்கி எடுத்த முடிவு. அங்கே யாரும் முடிவே எடுக்கவில்லை, பள்ளிக்கூடம் மட்டும் நின்றுபோனது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சின்ன வயதுக் கல்யாணம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை என்பது இங்கே வாழும் எவருக்கும் தெரியும். பதினெட்டுக்கு முன்னால் கல்யாணம் செய்வது குற்றம் என்றேன். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும் சொன்னேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "சட்டம் தெரியும்க்கா. நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு வந்துட்டா, வயசுப் பொண்ண பகலெல்லாம் தனியா விடறதுதான் பயம்."

அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் படிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சீசன் முடிந்த பிறகு பகலில் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். டவுன் பஸ்ஸில் வந்துவிடலாம், சாயங்காலம் அம்மா திரும்பும் நேரத்துக்குப் போய்விடலாம். எனக்குத் தெரிந்த வழிகளை அவளிடமே வைத்தேன். என்ஐஓஎஸ்ஸில் தமிழ் வழியிலேயே பத்தாவது எழுதலாம், ஏற்கெனவே தேறிய பாடங்களில் இரண்டை அங்கே மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் மாநிலத் தேர்வையே தனித்தேர்வராக, விட்ட இரண்டு பாடத்தை மட்டும் எழுதலாம். அவள் இரண்டாவதைத் தேர்ந்தாள். மற்ற பெண்கள் வாங்கிய அதே சர்டிபிகேட் தனக்கும் வேண்டும் என்றாள். எனக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது. கணக்கு தேறிவிட்டாள். அறிவியலுக்குத் துணைத் தேர்வு எழுதுகிறாள். இப்போது வரன் பேச்சை எடுத்தால் அவள் அம்மாவே, "பரீட்சை இருக்குது, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிடுகிறாராம்.

வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசும் எங்களைப் போன்ற குடும்பங்கள் இந்தப் பெண்களைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பேசியிருக்க வேண்டும். திறந்தநிலைப் பள்ளியின் விதிகள் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அவை யாருக்கு அதிகம் தேவையோ, அவர்கள் காதுக்கு அவை போய்ச் சேர்வதில்லை.

கம்பெனி கேட்டுக்கு வெளியே நடப்பதையும் சொல்ல வேண்டும். 2025 சீசனில் பெங்களூரா விலை சரிந்துபோனது. ஆந்திராவில் ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் சேர்த்துக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். இந்தப் பக்கத்து விவசாயிகள் அதைச் சுட்டிக்காட்டி ஆதங்கப்பட்டார்கள். பறிகூலியும் வண்டி வாடகையும் போனால் கையில் என்ன நிற்கும்? ஒரு பெரியவர் நான் உள்ளே போகும்போது, "எம் பழத்துல சக்கர கம்மியாம்மா?" என்றார். அவருடைய பழத்தின் பிரிக்ஸ் நன்றாகவே இருந்தது. அதைச் சொன்னேன். அதனால் அவருக்கு ஒரு ரூபாய் கூடவில்லை. தரத்தை இத்தனை துல்லியமாக அளக்கும் தொழில், அதை விளைவித்தவருக்கு என்ன விலை என்பதை அளக்காமல் விட்டிருப்பது எனக்குச் சரியென்று படவில்லை.

செப்டம்பர் வந்தால் நான் கிளம்பிவிடுவேன். எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே ஒரு சின்ன ரயில் ஓடி, பிறகு தண்டவாளத்தையே எடுத்துவிட்டார்கள். எனவே எல்லாப் பயணமும் பஸ்ஸில்தான் ஆரம்பம். முதல் பயணமாக நான் போனது உள்ளூர் அரசு அருங்காட்சியகத்துக்கு. பிள்ளைகளோடு நோட்டும் பென்சிலுமாகப் பலமுறை போன இடம் அது. நடுகற்களில் புலியோடு சண்டையிட்டு மாண்டவனின் கல்லைத்தான் அவர்கள் வரைவார்கள். உடன்கட்டை ஏறிய பெண்ணையும் சேர்த்துச் செதுக்கிய கற்களை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். அந்த வயதில் அவர்களுக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். தனியாகப் போன அன்று ஒரு கல்லின் முன்னால் நெடுநேரம் நின்றேன். அவன் வாளோடு நிற்கிறான். பக்கத்தில் அவள், கையை உயர்த்தியபடி. அவளுக்கு என்ன வயதிருக்கும்? பஸ்ஸில் கேட்ட 'பதினாறு' என்ற சொல் நினைவுக்கு வந்தது. யாருக்கும் விளக்கம் சொல்லாமல், தேதி குறிக்காமல், எனக்கு வந்த துக்கத்தோடு நான் மட்டும் நின்ற முதல் நாள் அது.

அடுத்து லைன் பெண்கள் சிலரோடு ஷேர் ஆட்டோ பேசி எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறைக்குப் போனோம். அங்கே அகழாய்வில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் நாலாயிரம் வருடத்துக்கு முன்பே இரும்பு புழங்கியிருக்கிறது என்று உலகம் பேசியது. நேரில் போனால் பாறையும் புதரும் வெயிலும்தான். பிள்ளைகளோடு போயிருந்தால் காலக்கோடு ஒன்றை மணலில் வரைந்திருப்பேன். அன்று பாறை நிழலில் உட்கார்ந்து நிப்பட்டு தின்றோம். கூட வந்தவர்களில் ஒரு அக்கா, கூழ் டிரம் உருட்டி உருட்டிக் கை காய்த்தவர், சுற்றும் பார்த்துவிட்டு, "இங்க இரும்ப உருக்கன ஆளுங்களுக்கு யாரு கூலி குடுத்திருப்பாங்க?" என்று கேட்டார். என் பாடத் திட்டம் எதிலும் இல்லாத கேள்வி அது. இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஏப்ரலில் ரத்னகிரிக்குப் போகிறேன். அல்போன்சா காய்த்துத் தொங்கும் தோப்பையும், அங்கே பழத்தை வைக்கோலில் அடுக்கிப் பழுக்க வைப்பதையும் பார்க்க வேண்டும். பெங்களூருவுக்கு பஸ், அங்கிருந்து மங்களூரு, பிறகு கொங்கண் ரயில். "கூட நானும் வரட்டுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அடுத்த முறை சேர்ந்து போகலாம், இது எனக்கு என்று சொன்னேன். சரி என்றார். மகள் போனில், "என்னென்ன பாத்தேன்னு எனக்கு எழுதி அனுப்பும்மா" என்றாள். எழுதுகிறேன் என்றிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் திரும்பிவிட வேண்டும். மே பாதியில் கம்பெனியிலிருந்து போன் வந்துவிடும், அந்தப் பெண்ணுக்கு ஒளியியல் பாடமும் பாக்கி இருக்கிறது.