பக்கத்துக் கஞ்சாக் கடை

நான் வேலை பார்க்கும் மளிகைக் கடைக்கு அடுத்த கதவு கஞ்சாக் கடை. ஊர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து டக்கோமா. 2012-இல் மக்கள் வாக்களித்துச் சட்டமாக்கி, 2014 ஜூலையில் இங்கே கடைகள் திறந்தன. 21 வயது ஆனவர்கள் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். ஆனால் மத்திய அரசின் சட்டப்படி கஞ்சா விற்பது இன்னும் குற்றம்தான். நம்மைப் போன்ற விசாக்காரர்கள் அங்கே வாங்கினாலும் வேலைக்குச் சேர்ந்தாலும் குடியேற்றத் துறையிடம் சிக்கல்தான். "சம்பளம் கூடன்னு அந்தப் பக்கம் போயிராதம்மா, சிட்டிசன்ஷிப் வரைக்கும் இடிக்கும்" என்று வந்த புதிதிலேயே ஓர் அக்கா எச்சரித்தார்.

இந்த இரட்டைச் சட்டம் கடைக்காரர்களையும் விடவில்லை. பெரிய வங்கிகள் ஒதுங்கிக்கொள்கின்றன, கிரெடிட் கார்டு செல்லாது. பெரும்பாலும் ரொக்கம்தான். அது திருடர்களுக்கும் தெரியும். 2022 தொடக்கத்தில் சியாட்டில், டக்கோமா வட்டாரத்தில் துப்பாக்கிக் கொள்ளைகள் அடுத்தடுத்து நடந்தன. மார்ச்சில் எங்கள் ஊர்க் கடை ஒன்றில் ஊழியர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்புறம்தான் பக்கத்துக் கடை உருமாறியது. திருட்டுக் காரைக் கொண்டு கதவை இடிக்காமலிருக்க வாசலில் கான்கிரீட் தூண்கள். முதல் கதவு மூடினால்தான் உள்கதவு திறக்கும். கல்லாவில் பணம் சேரச் சேர எடுத்துப் பெட்டகத்தில் போடுகிறார்கள். கேமராப் பதிவை 45 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது மாநில விதி; அதிலிருந்து கொள்ளையர் படத்தை எடுத்துப் போட்டிக் கடைகளுக்கும் அனுப்புகிறார்கள். போலீசையும் கூப்பிடுகிறார்கள். தெருவில் ஒளித்து விற்பவன் பறிகொடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வான்? உரிமம் தரும் பெரிய பலம் இதுதான் என்பேன்.

"கேட்டதைக் கொடுத்துவிடு, எதிர்க்காதே" என்பதுதான் அங்கே ஊழியர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். சரியான பாடம்.

எனக்குக் கோபம் வருவது வரி விஷயத்தில். மாநிலம் விற்பனையில் 37 சதவீதம் தனி வரி வாங்குகிறது. மத்திய வருமான வரியிலோ, 280இ என்ற பிரிவின்படி, வாசலில் நிற்கும் காவலாளியின் சம்பளத்தைக்கூடச் செலவாகக் காட்ட முடியாத நிலை. காசு வாங்கும் அரசு காவலுக்கு ஆகும் செலவை ஒப்புக்கொள்ளாதது அநியாயம். இந்தக் கடைகளுக்கு வங்கிக் கதவைத் திறக்கும் மசோதாவும் நாடாளுமன்றக் கீழவையில் பலமுறை நிறைவேறி, மேலவையான செனட்டில் முடங்கியது.

இப்போது இரண்டு கடையும் ஒரே நேரத்தில் பூட்டுகிறோம். எல்லோரும் சேர்ந்தே கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கிறோம்.