அம்மாவின் வேண்டுதலும் சோளிங்கர் படிகளும்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது வந்த விஷக் காய்ச்சல் பதினெட்டு நாள் இறங்கவில்லையாம். வாலாஜாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என்னை மடியில் போட்டுக்கொண்டிருந்த அம்மா, பிள்ளை பிழைத்தால் உடம்பில் தெம்பு உள்ளவரை ஒவ்வொரு கார்த்திகையிலும் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துப் பெரிய மலை ஏறுவதாகச் சோளிங்கர் நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டார். அது 1966-ஆம் ஆண்டு. சொன்ன சொல்லை 2009 வரை, தம் எழுபதாவது வயது வரை, ஓராண்டுகூடத் தவறாமல் காப்பாற்றினார். அதன் பிறகு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. தெம்பு உள்ளவரை என்றுதானே வேண்டிக்கொண்டாய் என்று நாங்கள் எத்தனை சொல்லியும் மனம் ஆறாமல், கார்த்திகை வெள்ளிக்கிழமைகளில் மொட்டை மாடியில் வடக்கு நோக்கி நின்று கும்பிட்டுவிட்டு, அன்று பொழுதுக்கும் யாரிடமும் பேசாமல் இருப்பார்.

அந்த நாள்களில் விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்துக் கொண்டபாளையத்தில் இறங்குவோம். தக்கான் குளத்தில் முழுகி எழுந்ததும், அப்பாவின் தோளில் புளியோதரை மூட்டையும் அம்மாவின் கையில் பித்தளைக் கிண்ணமும் ஏறிக்கொள்ளும். அம்மா ஒவ்வொரு படியிலும் குனிந்து, மூன்று விரலால் மஞ்சளை இழுத்து, அதன் நடுவில் குங்குமம் வைப்பார். படியை எண்ணுவது என் வேலை. நூற்றுக்கு மேல் எண்ணிக்கை எனக்குப் படிந்ததே அந்த 1305 படிகளில்தான். அப்போது எங்களுடையது வட ஆற்காடு மாவட்டம்; அது வேலூராகி, 2019-இல் ராணிப்பேட்டையும் ஆகிவிட்டது; அம்மாவின் வாயில் இன்றும் வட ஆற்காடுதான்.

2024-இல் மலைக்கு ரோப் கார் வந்த செய்தியைச் சொன்னபோது அம்மா மகிழ்ந்தார் என்று சொல்ல முடியாது. "தொங்கிக்கினு போனா வேண்டுதல் ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓராண்டு முழுவதும் கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில், நீ ரோப் காரில் வா, உன் படிகளை நான் ஏறுகிறேன் என்று சொன்ன பிறகே, கடந்த கார்த்திகை மாதத்தில் புறப்பட ஒப்புக்கொண்டார். அவருக்கு 86 வயது. எனக்கும் 66 முடிந்து, இரண்டு முட்டியிலும் தைலம் தேய்க்காமல் தூக்கம் வருவதில்லை.

அடிவாரத்தில் நின்ற கூட்டத்தைப் பற்றி என்ன சொல்வது! யோகத்தில் இருக்கும் பெருமாள் கண் திறந்து பார்க்கும் மாதம் என்பதால் ஊரே திரண்டு வருவது நியாயந்தான். ஆனால் வயதானவரைக் கண்டதும் ஓடிவந்து, ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் வரிசையே இல்லாமல் நேரே சன்னிதியில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று கையைப் பிடித்து இழுக்கும் ஆட்களைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. பெருமாளைப் பார்க்க வந்த கிழவியிடம் பேரம் பேச எப்படி மனம் வருகிறதோ! அம்மாவையும் என் மனைவியையும் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, பித்தளைக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நான் படியேறத் தொடங்கினேன்.

குனிந்து பொட்டு வைத்து நிமிர்ந்து ஏறுவது எவ்வளவு பெரிய வேலை என்பது அம்மா அதைச் செய்த நாற்பத்து மூன்று ஆண்டுகளும் எனக்குத் தெரியாமலே போயிற்று. இருநூறு படிக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு குரங்கு வந்து துளசி மாலையைப் பையோடு பறித்துக்கொண்டு போயிற்று. எதிரே சின்ன மலையில் ஆஞ்சநேயர் இருக்கும் பக்கம் திரும்பி, உன் பரிவாரம் எடுத்துக்கொண்டது, நீயே கணக்கு வைத்துக்கொள் என்று கும்பிட்டேன். எண்ணூறுக்கு மேல் எண்ணிக்கையும் தவறிவிட்டது. மண்டபத் தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிய ஒரு தருணத்தில், எழுபது வயதில் இதே தூணில் அம்மா சாய்ந்து நின்றதும், "சீக்கிரம் வாம்மா, கடைசி பஸ் போயிடும்" என்று நான் மேலிருந்து கத்தியதும் நினைவுக்கு வந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மேலே அம்மா எனக்காகக் காத்திருந்தார். சன்னிதிக்குப் போக மிச்சமிருந்த சில படிகளைக் காட்டி, ஒன்றும் பேசாமல் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். என் மனைவி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கிக்கொள்ள, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, நடுங்கும் மூன்று விரலால் மஞ்சளை இழுத்துக் குங்குமம் வைத்தார். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மஞ்சள்மேல் கால் படாமல் ஒரு சிறுமி தாண்டித் தாண்டி ஏறினாள்.

சன்னிதியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நிமிடந்தான். கண் நீர் அழுத்தத்தால் அம்மாவுக்கு ஒரு கண் முற்றிலும் போய்விட்டது, மறு கண்ணில் நிழல்தான் தெரியும். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "தொறந்துக்கினு கீறாரா கண்ணு?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துப் பதில் வரவில்லை. அர்ச்சகர் அதைக் கேட்டிருக்க வேண்டும். தீபத்தைப் பெருமாளின் திருமுகத்துக்கு நேரே உயர்த்தி, அப்படியே சற்று நேரம் பிடித்தார். அம்மா இமைக்கவில்லை. "கீறாரு, கீறாரு" என்று தாமாகவே சொன்னார். சடாரி சாதித்தபோதும் குனிந்த தலை நெடுநேரம் நிமிரவில்லை.

அமிர்தவல்லித் தாயாரைச் சேவித்தது, இறங்கியது, சின்ன மலையின் 406 படிகளையும் ஏற முடியாமல் குளக்கரையிலிருந்தே ஆஞ்சநேயரைக் கும்பிட்டது எல்லாம் கனவில் நடந்தவை போல இருக்கின்றன. ஒரு கடிகை நேரம், இருபத்து நான்கே நிமிடம், அந்த மலையில் இருந்தாலே போதும் என்பார்கள். எங்களை நீ அதற்கும் மேல் இருத்திவைத்தாயே அக்காரக்கனியே! காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாய். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அம்மா உன் முன்னால் வந்து நின்றார். வேறென்ன கேட்பேன் உன்னிடம்! வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தில் மிச்சமிருந்த குங்குமத்தை அம்மா என் மனைவியிடம் கொடுத்து, பூஜை மாடத்தில் வைக்கச் சொன்னார்.