நைஜீரியாவும் எண்ணெயும்: டெவலப்மெண்ட் எகனாமிக்ஸ் எழுதுறவங்களுக்கு

எம்.ஏ-ல டெவலப்மெண்ட் எகனாமிக்ஸ் எழுதப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், எண்ணெய் வளமும் வளர்ச்சியும்னு ஒரு பெரிய கேள்வி ஏதோ ஒரு ரூபத்துல வந்துரும், அதுக்கு நாலஞ்சு நாட்டை நுனிப்புல் மேயாம நைஜீரியாவை மட்டும் உருப்படியா படிங்க, நான் அப்படித்தான் படிச்சேன். இன்னொரு ஆப்பிரிக்க எண்ணெய் நாடான அங்கோலா பத்தி கடைசில ஒரு வரி போதும்.

பாதிப்பேர் "நைஜீரியா பொருளாதாரமே எண்ணெய்தான்"னு ஆரம்பிப்பாங்க, அங்கயே மார்க் காலி. சமீப வருஷங்கள்ல ஜிடிபில எண்ணெயோட பங்கு 10 சதவீதம் கூட இல்ல. 2014-ல ஜிடிபி கணக்கோட அடிப்படை ஆண்டை 1990-லேர்ந்து 2010-க்கு மாத்தினாங்க, டெலிகாம், நாலிவுட் சினிமா எல்லாம் ஒழுங்கா கணக்குல வந்துச்சு, ஜிடிபி ஒரே அறிவிப்புல 89 சதவீதம் வீங்கி தென்னாப்பிரிக்காவை முந்திருச்சு (அன்னிக்கு யார் வீட்டுலயும் கூடுதலா ஒரு பிடி சோறு வேகல, அது வேற கதை). அப்ப எண்ணெயை நம்பியிருக்கறது எங்க? டாலர் வரவுலயும் அரசாங்க கஜானாவுலயும். ஏற்றுமதில முக்கால்வாசிக்கு மேல எண்ணெயும் கேஸும்தான். அதனால உலக மார்க்கெட்டுல எண்ணெய் விலை விழுந்தா டாலர் வத்திப்போகும், அந்த ஊர் நாணயமான நைரா சரியும், இறக்குமதி பண்ற கோதுமைலேர்ந்து மெஷின் வரைக்கும் விலை ஏறும். 2014-ல விழுந்த விலை, அதோட எண்ணெய் எடுக்கற நைஜர் டெல்டா பகுதில பைப்லைன் மேல நடந்த தாக்குதல், ரெண்டும் சேர்ந்து 2016-ல ஜிடிபியே சுருங்கிருச்சு. இந்த சங்கிலிய முதல் பக்கத்துலயே எழுதிருங்க.

அடுத்தது டச்சு டிசீஸ், அதாவது எண்ணெய் மாதிரி ஒரு வளத்துல காசு கொட்டறதால விவசாயம் மாதிரி மத்த ஏற்றுமதித் தொழில் நசிஞ்சு போறது. இதை விளக்கி கார்டன், நியரின்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1982-ல குடுத்த மாடல்ல ரெண்டு விளைவு இருக்கும், ஆளும் முதலும் எண்ணெய் பக்கம் நகர்றது ஒண்ணு, வந்த காசை செலவு பண்றதால உள்ளூர்ல விலையும் கூலியும் ஏறி மத்த ஏற்றுமதி கட்டுப்படியாகாமப் போறது இன்னொண்ணு. நைஜீரியாவுல எண்ணெய்க் கிணத்துல வேலை பாக்கறவங்க கொஞ்சம் பேர்தான், அதனால ரெண்டாவதுதான் பெருசுன்னு எழுதினா படிச்சவன்னு தெரியும். உதாரணத்துக்கு, 1956-ல டெல்டாவுல இருக்கற ஒலோய்பிரில எண்ணெய் கிடைக்கறதுக்கு முன்னாடி வடக்க கானோவுல நிலக்கடலை மூட்டைய பிரமிடு மாதிரி அடுக்கி வச்சிருப்பாங்க, மேற்க கோக்கோ, கிழக்க பாமாயில். 1973-க்கு அப்புறம் எண்ணெய் காசு கொட்டவும் கடலை பிரமிடு காணாமப் போச்சு.

செலவு எப்படி தறிகெட்டுப் போச்சுன்னு காட்ட 1975 சிமென்ட் கதைய விட்டா வேற கிடைக்காது. கிட்டத்தட்ட 2 கோடி டன் சிமென்ட்டுக்கு ஆர்டர் போட்டுட்டாங்க, லாகோஸ் துறைமுகத்தால வருஷத்துக்கு இறக்க முடிஞ்சது அதுல ஒரு சின்னப் பங்குதான், நூத்துக்கணக்குல கப்பல் நடுக்கடல்ல வரிசை கட்டி நின்னுச்சு, நின்ன ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் டெமரேஜ் (கப்பல் தாமதக் கட்டணம்) கட்டுச்சு, சிமென்ட் கப்பலுக்குள்ளயே இறுகிக் கல்லாப் போச்சு. இதை ஒரு பாரா எழுதுங்க, தாராளமா.

எண்ணெய் எடுக்கறதால தங்க நிலம் பாழாகுதுன்னு டெல்டாவுல ஒகோனி மக்கள் நடத்துன போராட்டம், 1995-ல அதோட தலைவரான எழுத்தாளர் கென் சரோ விவாவை ராணுவ அரசாங்கம் தூக்குல போட்டது, 1999 அரசியல் சட்டப்படி எண்ணெய் எடுக்கற மாநிலங்களுக்கு அந்த வருமானத்துல குறைஞ்சது 13 சதவீதம்ங்கறது, இதெல்லாம் நாலு வரில முடிச்சுக்கலாம்.

ஒப்பிட நார்வேய எடுக்காதீங்க, எண்ணெய் கிடைக்கறதுக்கு முன்னாடியே அது வசதியான நாடு. இந்தோனேசியாதான் சரி, அதே 70-கள்ல எண்ணெய் ஏற்றுமதி நாடுகளோட கூட்டமைப்பான அதே ஓபெக்ல இருந்துட்டு எண்ணெய் காசுல உரமும் பாசனமும் குடுத்து 80-கள் நடுவுல அரிசில தன்னிறைவு அடைஞ்சாங்க. அதாவது எண்ணெய் இருந்தாலே சாபம்ங்கற வாதம் இங்க ஆட்டம் காணும், கேள்வி "விமர்சன ரீதியாக ஆராய்க"ன்னு வந்தா உங்க விமர்சனம் இதுதான்.

முடிவுரைக்கு புதுசா ஏதாவது வேணும்னா பெட்ரோல் விவகாரம். அரசாங்க ரிஃபைனரி (எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை) நாலு இருந்தும் பெட்ரோலை இறக்குமதி பண்ணி மானியத்துல வித்தாங்க, 2023 மே 29 பதவியேத்த அன்னிக்கே அதிபர் டினுபு மானியம் முடிஞ்சதுன்னு அறிவிச்சாரு, சில நாள்லயே விலை ரெண்டு மடங்கைத் தாண்டிருச்சு. அதே மாசம் திறந்த, தொழிலதிபர் டாங்கோட்டேவோட தனியார் ரிஃபைனரிக்கு ஒரு நாளைக்கு 6,50,000 பீப்பாய் சுத்திகரிக்கற கொள்ளளவு, ஆனா உள்ளூர்ல கச்சா எண்ணெய் போதுமான அளவு கிடைக்காம அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வரவழைச்சாங்க.