கீர் மில் கொல்லன் வீடு

ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரிலிருந்து பேருந்தில் வந்து தார்ன்ஹில்லில் இறங்கி, நித் ஆற்றைக் கடந்து, பென்பான்ட் வழியாக நடந்து கீர் மில் என்னும் சிற்றூரை அடைந்தேன். அதன் அருகே கோர்ட்ஹில் கொல்லுப்பட்டறை இருந்த கட்டடம் சாலையோரத்தில் இன்றும் நிற்கிறது. இப்போது அது குடியிருப்பு என்பதால் உள்ளே நுழையாமல், சுவரில் பதித்திருக்கும் நினைவுப் பலகையை வெளியில் நின்றே வாசித்தேன். தான் அறிந்ததைவிட மேலானதை உருவாக்கியவர் என்று கிர்க்பேட்ரிக் மெக்மில்லனை அது போற்றுகிறது.

1812-இல் பிறந்த மெக்மில்லன், கொல்லரான தந்தை ராபர்ட்டிடம் தொழில் பழகியவர். 1839 வாக்கில் இங்கேதான், காலால் மிதித்து ஓட்டும் முதல் இருசக்கர வண்டியை அவர் செய்தார் என்பது இவ்வட்டாரத்தின் நம்பிக்கை. முன்னும் பின்னும் தள்ளும் மிதிகளிலிருந்து இரும்புக் கம்பிகள் சென்று பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டி அது. அவர் காப்புரிமை பெறவில்லை. அவர் செய்த வண்டியும் எஞ்சவில்லை. 1890-களில் உறவினர் ஒருவர் திரட்டிய சாட்சியங்களையே இக்கதை பெரிதும் நம்பியிருப்பதால், வரலாற்றாளர் பலர் ஐயுறுகின்றனர். 1842-இல் கிளாஸ்கோவில் சிறுமி ஒருத்தியின் மீது வண்டியை மோதி ஐந்து ஷில்லிங் அபராதம் கட்டிய டம்ஃப்ரீஸ்ஷயர்காரரைப் பற்றிய பத்திரிகைச் செய்தியும் மெக்மில்லன் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஐயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் என் மனம் வண்டியைவிட வீட்டையே சுற்றி வந்தது.

அக்காலச் சிற்றூர்க் கொல்லனுக்குக் குதிரை லாடம், கலப்பைக் கொழு, கதவுக் கீல் என்று வேலை ஓயாது. மரச்சக்கரத்துக்குப் பட்டை போடும் நாளோ வீட்டையே வெளியே இழுத்துவிடும். சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறிதாக இரும்புப் பட்டையை வளைத்துப் பற்றவைத்து, வட்டமாக மூட்டிய தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். விரிந்த பட்டையைக் குறடுகளால் பலர் சேர்ந்து தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, மரம் கருகித் தீப்பற்றுவதற்குள் தண்ணீரை ஊற்ற வேண்டும். குளிர்ந்து சுருங்கும் இரும்பு, ஆரக்கால்களையெல்லாம் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தோடு நெருக்கிப் பிடிக்கும். இது தனியொருவர் வேலையன்று. மகன், பயிற்சியாள், தண்ணீர் சுமக்கும் பெண்கள் என எத்தனை கைகள் இருந்தாலும் வேண்டியிருந்தது. பயிற்சியாட்கள் பெரும்பாலும் கொல்லன் வீட்டிலேயே உண்டு உறங்கியதால், அவர்களுக்கும் சேர்த்து ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுவதும், வட்ட இரும்புக்கல்லில் ஓட்ஸ் ரொட்டி சுடுவதும் வீட்டுப் பெண்களின் பொறுப்பாயிற்று. அந்தக் கல்லும் கொல்லர்கள் அடித்துத் தந்த பொருளே. இந்த உழைப்பைப் பலகை சொல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

1878-இல் இறந்த மெக்மில்லன் கீர் தேவாலயத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார். ஸ்காட்லாந்தின் பழைய கல்லறைகளில் மனைவியரைப் பிறந்த வீட்டுப் பெயரோடேயே பொறிப்பது வழக்கம். அங்கே பாசி படர்ந்த கற்களைக் குனிந்து பார்த்து, அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு மாலைவரை நின்றேன்.