நெட்டை இன்னும் பதில் போடல

ஜூன் 2, செவ்வாய்

ஒருவழியா தேதி முடிவாயிடுச்சு. 20, 21, சனி ஞாயிறு. மூணு ப்ரூவரி, அதாவது பியர் காய்ச்சுற எடம், ஒரு ராத்திரி தங்கல், அவ்வளவுதான் ட்ரிப். எங்க நண்பர்கள் குரூப்ல போட்ட அஞ்சு நிமிஷத்துல வாத்தி ஓகே, குட்டி ஓகே, பெருசு எப்பவும் போல கட்டைவிரல் ஸ்டிக்கர். நெட்டை பாத்துட்டான். ப்ளூ டிக் விழுந்துருச்சு. பதில் இல்ல.

வேலையா இருப்பான்.

ஜூன் 3, புதன்

பதில் இல்ல.

ஜூன் 4, வியாழன்

பெருசு அஞ்சு ப்ரூவரி போகணுங்கறாரு. ரெண்டு நாள்ல அஞ்சு. மேப்புல பாத்தா எல்லாமே பக்கம் பக்கமாத்தான் தெரியும், ஆனா ஒரு எடத்துக்குப் போனா உக்காரணும், டேங்க் பக்கம் ஒரு சுத்து வரணும், காய்ச்சுறவரு ஃப்ரீயா இருந்தா நாலு கேள்வி கேக்கணும், குடிச்சதை யோசிக்கணும், தண்ணி குடிக்கணும், சாப்பிடணும், இதுக்கே மூணு மணி நேரம் போயிடும், அஞ்சு எடம் ஓடினா கடைசி ரெண்டுல என்ன குடிச்சோம்னே யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது பாக்குறதே இல்லங்கறது என் கட்சி. மூணுதான். சொல்லிட்டேன். கொஞ்சம் முறைச்சாரு, ஒத்துக்கிட்டாரு.

மூணும் மூணு விதமா இருக்கணும்னு வாத்தியும் நானும் உக்காந்து பொறுக்கினோம். ஒண்ணு லேகர்ங்கற பியர் வகை மட்டுமே போடுற எடம். ஈஸ்ட்டுதான் சக்கரையை ஆல்கஹாலா மாத்துற நுண்ணுயிர். ஏல்ங்கற இன்னொரு பியர் வகைக்குப் போடுற ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி பக்கம் சூடு வேணும், சில நாள்லயே முக்கால்வாசி வேலைய முடிச்சுடும். லேகர் ஈஸ்ட் 10 டிகிரி பக்கத்துல மெதுவா வேலை பாக்கும், அப்புறம் கிட்டத்தட்ட பூஜ்யத்துல வாரக்கணக்கா சும்மா கெடக்கணும். அத்தனை நாள் ஒரு டேங்க்கை அடைச்சு வச்சுக்கிட்டு ஒரு சின்ன ப்ரூவரி பொழைக்கணும்னா அதுக்கு ஒரு பிடிவாதம் வேணும். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். லேகர்ல ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் மறைக்க முடியாது, கசப்பும் வாசனையும் குடுக்குற ஹாப்ஸ் பூவ அள்ளிப் போட்டு மூடவும் முடியாது.

ரெண்டாவது ஹாப்ஸ்காரங்க, ஐபிஏ எடம், ஹாப்ஸ் தூக்கலா இருக்கற பியர். மூணாவது மரப் பீப்பாய், புளிப்பு பியர். அது கடைசியாத்தான் வரணும், புளிப்பு நாக்குல ஏறிடுச்சுன்னா அதுக்கப்புறம் லேகர் குடிச்சா வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும்.

இந்த லேகர் எடத்தை நெட்டைக்காகத்தான் எடுத்தேன். அவன்கிட்ட சொல்லல.

ஜூன் 6, சனி

இன்னைக்கு குரூப்ல ஒண்ணு வந்துச்சு. யார் போட்டதுன்னு இங்க எழுத மாட்டேன். "நெட்டைதான் இப்ப குடிக்கிறதில்லையே, அவனே ஓட்டிட்டு வரட்டும், பிரச்சினை முடிஞ்சுது."

காலைல இருந்து வயித்தை என்னவோ பண்ணுது. பிரச்சினை முடிஞ்சுதாம். யாரோட பிரச்சினை முடிஞ்சுது? அவனும் அந்த குரூப்லதான் இருக்கான், அதைப் படிச்சிருக்கான். போன வருஷம் வரைக்கும் நாங்க எல்லாரும் தூங்கினப்புறமும் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு நுரை எறங்குறதை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவன் அவன், இன்னைக்கு அவனை ஸ்டியரிங்கை பிடிச்சுக்கிட்டு பார்க்கிங்ல வெயிட் பண்ணச் சொல்றோம். அவன் நிறுத்தினது எங்களுக்கு டிரைவர் வேணுங்கறதுக்காகவா? குடிக்காதவன் ஓட்டணும்ங்கறது சரிதான், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா ஒருத்தன் தன் பிரியத்தை விட்டுக் குடுத்தா அதை நாம எடுத்து உபயோகிச்சுக்கலாம்னு எங்க எழுதியிருக்கு?

அப்ப யாராவது "கொஞ்சமா குடிச்சுட்டு" ஓட்டலாம்னு ஆரம்பிப்பாங்க. அதுக்காகவே கணக்குப் போட்டு வச்சேன். டேஸ்டிங் தட்டுல நாலு சின்ன கிளாஸ், ஒவ்வொண்ணும் 120 மில்லி, சராசரி 6 சதவீதம்னு வச்சுப்போம். மொத்தம் 480 மில்லி பியர், அதுல ஆல்கஹால் 29 மில்லி கிட்ட, எடையில 23 கிராம். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு எரிக்கிறது சுமாரா 7, 8 கிராம், ஆளுக்கு ஆள் மாறும். ஆக ஒரே ஒரு தட்டுக்கு மூணு மணி நேரம். அதே தட்டுல 10 சதவீத ஸ்டவுட், அந்தக் கறுப்பு பியரா இருந்தா 38 கிராம், அஞ்சு மணி நேரம். கறுப்பு காபி, பச்சைத்தண்ணி குளியல், காத்து வாங்குறது எதுவுமே கல்லீரலை அவசரப்படுத்தாது. ரெண்டு எடத்துல குடிச்சுட்டு நடுராத்திரி படுத்தவன் காலைல ஃப்ரெஷ்ஷா இருக்கேன்னு சாவிய எடுத்தாலும் ரத்தத்துல இன்னும் இருக்கலாம்.

அதனால வேன். வாடகைக்கு, டிரைவரோட. எங்கள்ல யாரும் ஓட்டுறதில்ல. நெட்டை வந்தாலும் சரி வராட்டியும் சரி.

இதை குரூப்ல போட்டேன். கணக்கையும் சேத்துப் போட்டேன். ரொம்ப நேரம் யாரும் எதுவும் பேசல. அப்புறம் குட்டி மட்டும் "வேன் நான் பேசிட்டேன்"னு போட்டா. இந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தான்.

ஜூன் 7, ஞாயிறு

அவன் ஸ்டேட்டஸ்ல மழை வீடியோ வச்சிருக்கான். அது போதும் இன்னைக்கு.

ஜூன் 9, செவ்வாய்

தூக்கம் வரல. வாத்தி அனுப்பின லிங்க்ல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயிட்டேன். பவேரியாவுல 1516-ல ஒரு சட்டம், பியர்ல பார்லி, ஹாப்ஸ், தண்ணி மட்டுந்தான் இருக்கணும்னு. ஈஸ்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அது ஒரு உயிர்னு அப்ப யாருக்கும் தெரியாது. எல்லா வேலையும் செஞ்சதுக்கு பட்டியல்ல எடம் இல்ல. ஒத்த செல்லுல இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளத்தது 1883-ல, கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல ஹான்சன். அதை ரகசியமா பூட்டி வைக்காம மத்த ப்ரூவரிக்கும் குடுத்தாங்க. இதைப் படிக்கும்போது மனசு நெறைஞ்சுது.

அப்புறம் ஜாக் மெக்காலிஃப். கடற்படையில இருந்து வந்த ஆளு. 1976-ல கலிஃபோர்னியாவுல சொனோமால நியூ ஆல்பியன்னு ஒரு ப்ரூவரி ஆரம்பிச்சாரு. சின்ன அளவுல காய்ச்சுறதுக்கு மெஷினே அப்ப விக்கிறதில்ல, பழைய பால் பண்ணை சாமானை வாங்கி தானே வெல்டு வச்சு கட்டினாரு. 1982-ல மூடிட்டாரு, கட்டுபடியாகல. ஆனா நடுவுல கென் கிராஸ்மன் அங்க போய்ப் பாத்துட்டு வந்தாரு. அவரு சியரா நெவாடாங்கற தன் ப்ரூவரியில முதல் பியர் காய்ச்சினது 1980.

ஒருத்தர் வண்டி ஏறிப் போய் ஒரு ப்ரூவரியைப் பாத்தாரு, அதுல இருந்து ஒண்ணு மொளைச்சுது. சில வருஷம் தள்ளிப் போட்டிருந்தா அந்த எடத்துல பூட்டுதான் தொங்கியிருக்கும். இதையேதான் சுத்திச் சுத்தி யோசிக்கிறேன். இந்த மாசமே போகணும். எல்லாரும் போகணும். மணி ரெண்டரை.

ஜூன் 10, புதன்

போன் பண்ணேன். எடுத்தான். கால் மணி நேரம் எதை எதையோ பேசினோம், பழைய வீட்டு ஓனரு, அவன் அக்கா பையன், கிரிக்கெட்டு. ட்ரிப்பைப் பத்தி நானும் கேக்கல அவனும் சொல்லல. வைக்கும்போது மட்டும், "வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வருதுடா"ன்னான்.

"சரிடா"ன்னேன். வேற என்ன சொல்றது.

ஜூன் 12, வெள்ளி

வெள்ளி.

ஜூன் 12, ராத்திரி

ஒண்ணும் வரல. ரெண்டு தடவை டைப் பண்ணி அழிச்சேன். கேக்கக் கூடாது, அவனா சொல்லட்டும்.

ஜூன் 13, சனி

கைய எதுலயாவது வச்சிருக்கணும்னு ஐஸ் பெட்டியக் கழுவினேன். திரும்பி வரும்போது வாங்கிட்டு வர்றதை எப்படிக் கொண்டு வரணும்னு பெருசுக்கு புரிய வைக்கவே முடியல, டிக்கில போட்டாப் போச்சுங்கறாரு. வெயில்ல நிக்கிற வண்டி டிக்கில ஐபிஏ வச்சா ஹாப்ஸ் வாசனை செத்துப் போயிடும். அதை விட வெளிச்சம் மோசம். ஹாப்ஸ்ல இருந்து வர்ற கசப்புப் பொருள் மேல வெளிச்சம் பட்டா ஒரு கந்தகச் சமாச்சாரம் உண்டாகி ஒரு கெட்ட நாத்தம் வரும், நேர் வெயில்ல சில நிமிஷத்துலயே. பிரவுன் பாட்டில் ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. கேன்னா கவலையே இல்ல. அதனால கேன், ஐஸ், மூடி. குழாயில இருந்து பெரிய பாட்டில்ல பிடிச்சுக் குடுக்குறதை வாங்கினா அதைத் தொறந்த அன்னைக்கே முடிச்சுடணும், மறுநாளைக்கு கேஸ் போயிடும்.

இதெல்லாம் எழுதி குரூப்ல அனுப்பினேன். நெட்டை ஒரு ஹார்ட் போட்டான்.

ஹார்ட் போட்டான்!!

ஜூன் 14, ஞாயிறு

வீட்டுக்கே வந்துட்டான். சொல்லாம கொள்ளாம, சாயங்காலம் ஆறு மணிக்கு. மெலிஞ்சிருக்கான், ஆனா முகம் தெளிவா இருக்கு. ரிப்போர்ட் மோசமில்ல. "மோசமில்லடா, ஆனா இனிமே எப்பவும் இல்ல." அதை சொல்லும்போது குரல் நடுங்கல.

அப்புறம் சொன்னான். "நான் வர்றேன். டிரைவரா இல்ல."

வேன் பேசியாச்சுடான்னு சொன்னேன். "படிச்சேன். அந்தக் கணக்கை ரெண்டு மூணு தடவை படிச்சேன்"ன்னான்.

ஆல்கஹால் இல்லாத பியர் அங்க இருக்கும், கேட்டு வைக்கவான்னேன். வேண்டாங்கறான். நிறைய எடத்துல 0.5 சதவீதம் வரைக்கும் இருந்தாலும் அப்படித்தான் எழுதுவாங்க, பழுத்த வாழைப்பழத்துலயே கொஞ்சம் இருக்கும், அந்த அளவு உடம்பை ஒண்ணும் பண்ணாம இருக்கலாம், ஆனா அந்த ருசி வாய்க்கு வந்தா மனசு அடுத்ததைத் தேடும், அதை நான் இப்ப தொடக்கூடாதுன்னான். அதுக்கு மேல நான் பேசல. ஹாப்ஸ் போட்ட சோடா கெடைச்சா அது ஓகேவாம்.

"எனக்கு வோர்ட் வேணும்டா"ன்னான்.

வாத்தி வீட்டு அடுப்புல முதல் தடவை காய்ச்சினப்ப நான் அங்க இருந்தேன். அரைச்ச மால்ட்டை, அதாவது முளைக்க வச்சுக் காய வச்ச பார்லியை, 66 டிகிரி தண்ணில ஒரு மணி நேரம் ஊற வச்சுட்டு வடிச்சா முதல்ல ஒரு சாறு ஓடி வரும், அதுதான் வோர்ட், தேன் கலர்ல, சூடா, பிசுபிசுன்னு. மாவு சக்கரையா மாறியிருக்கும், அவ்வளவுதான், ஈஸ்ட் இன்னும் கிட்டவே வரல, ஒரு துளி ஆல்கஹால் கெடையாது. நெட்டை அன்னைக்கு கரண்டில அள்ளி ஊதி ஊதிக் குடிச்சான், உதடெல்லாம் ஒட்டிக்கிச்சு. "பியர் ஆகறதுக்கு முன்னாடியே எவ்வளவு அழகா இருக்கு"ன்னான். அந்த வாசனைதான் அவனுக்கு வேணுமாம். காய்ச்சுற எடத்துல நிக்கணும், பாக்கணும், அதுக்கப்புறம் நாங்க குடிக்க உக்காரும்போது அவன் எந்திரிச்சு நடக்கப் போவான். யாரும் ஏன்னு கேக்கக் கூடாது. கூப்பிடவும் கூடாது.

சரின்னேன். அவன் போனதுக்கப்புறம் ரொம்ப நேரம் அழுதேன்.

ஜூன் 15, திங்கள்

வோர்ட் வேணும்னா காய்ச்சுற நாள்ல போகணும். சனி ஞாயிறு டேப்ரூம்ல, அதான் குடிக்க உக்கார்ற ஹால்ல, கூட்டம், பெரும்பாலும் யாரும் காய்ச்சுறதில்ல. லேகர் எடத்துக்கு போன் பண்ணேன், இன்னைக்கு லீவு போல, எடுக்கல. மெயில் போட்டேன். யார், எதுக்கு, நெட்டை யாரு, எல்லாம் எழுதினேன். நீளமாப் போச்சு. போகட்டும்.

ஜூன் 16, செவ்வாய்

பதில் வந்துச்சு!! வெள்ளிக்கிழமை காய்ச்சுறாங்க. காலைல ஏழு மணிக்கு மால்ட் எறக்குவாங்க, எட்டரைக்கு முதல் சாறு வடியும், "உங்க நண்பரை குழாய் பக்கத்துல நிக்க வைக்கிறோம்"னு எழுதியிருக்காங்க. முன்ன பின்ன தெரியாதவங்க.

மூடின ஷூ கட்டாயம், தரையெல்லாம் ஈரம், கழுவுற காஸ்டிக் தெறிக்கும். கொதிக்கிற பாத்திரத்து மேல எட்டிப் பாக்கக் கூடாது. புளிக்கிற டேங்க் இருக்கற ரூமுக்கு அவங்க இல்லாம போகக் கூடாது, கரியமில வாயு காத்தை விட கனம், கீழயே தேங்கி நிக்கும், மூச்சு முட்டினப்புறந்தான் தெரியும். பெருசுக்கு இதைத் தனியா போன் பண்ணி சொல்லணும், அவரு செருப்புலதான் வருவாரு.

தேதி 19, 20-ன்னு மாத்தணும். எல்லாரும் லீவு போடணும்.

ஜூன் 17, புதன்

லீவு விஷயத்துல பெருசு கத்தினாரு. ஒரு கரண்டி சக்கரைத் தண்ணிக்கு ஒரு நாள் சம்பளமான்னாரு. நான் பதிலுக்கு கத்தல, வாத்தி கத்தினான், வாத்தி கத்தி நான் பாத்ததே இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு பெருசு ஷூ போட்டோ அனுப்பினாரு. புதுசு.

குட்டி மூணாவது எடத்தை வெட்டிட்டா. மரப் பீப்பாய் போச்சு. வெள்ளி காலைல லேகர் எடம், அன்னைக்கு மதியம் தூக்கம், சனிக்கிழமை ஐபிஏ எடம், ரூம்ல இருந்து நடந்து போற தூரம், அவ்வளவுதான். எனக்கு வருத்தம்தான், அந்தப் புளிப்பு பியருக்காக மாசக்கணக்கா காத்துட்டிருக்கேன். ஆனா அவ சொல்றது சரி. நெட்டை நடந்துட்டு வர்ற வரைக்கும் யாரும் அவசரப்படுத்தக் கூடாதுன்னா நேரம் நேரமா இருக்கணும்.

ஜூன் 18, வியாழன்

வேன் காலைல நாலரைக்கு. தண்ணி கேன் ரெண்டு, ஐஸ் பெட்டி, நோட்டு, எல்லாருக்கும் ஷூ. நெட்டை ரெண்டு வாட்டி போன் பண்ணான், கரண்டி கொண்டு வரணுமான்னு கேட்டான். கொண்டு வாடான்னேன்.

அவனை முதல்ல ஏத்திக்கணுமா கடைசியாவான்னு குட்டி கேக்குறா. முதல்ல. ஜன்னலோர சீட்டு வேணும்பான்.